விளையாட்டை ஆக்குவோர்

கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களின் பொல்லடியைக் கண்டிருப்பீர்கள். கம்பெடுத்து ஆடுவோர் பலர். பாடலும் அடிமுறையும் பழக்கி ஆட்டத்தை நடத்துபவர் அண்ணாவியார்.

கணினி விளையாட்டுக்கும் அத்தகைய ஒருவர் உண்டு. இலக்கு, விதி, வெற்றி, தோல்வி ஆகியவற்றை வகுக்கும் அவரே வடிவமைப்பாளர். அவ்விதிகளைக் கணினிக்கு உரைப்பவர் நிரலாளர். உருவம் தருபவர் ஓவியர். ஓசை சேர்ப்பவர் இசைஞர். திரும்பத் திரும்ப ஆடிக் குறை காண்பவர் சோதனையாளர். விதி செம்மையாக அமையாவிடின், நிரல் எத்துணை நுட்பமாயினும் ஆடுபவர் மறுமுறை அதனைத் தொடார்.

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறை பீடத்தில் கணினி விஞ்ஞானம் பயிலலாம். ஆயினும் நிரல் கற்றோருக்கே இத்தொழில் உரியதென்று எண்ணி, சித்திரமும் பாட்டும் கைவந்த பிள்ளைகளை நாம் விலக்கிவிடலாகாது. புதியதோர் ஆட்டத்தின் விதிகளைத் தாளில் எழுதி, தோழரை ஆடவைத்துத் திருத்துவதே முதற் பயிற்சி. அதற்குக் கணினியும் வேண்டுவதில்லை.