காடிழந்தவர்கள் – 6: ஊர்க்குழுவில் ஓர் இடம்

1991-ல் புவிண்டி, ம்காஹிங்கா காடுகள் தேசியப் பூங்காக்கள் ஆனபோது உகாண்டாவின் பட்வா மக்கள் இழப்பீடு ஏதுமின்றி வெளியேற்றப்பட்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். முப்பது ஆண்டுகள் கழித்து, 2021 ஆகஸ்டில், அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்த அநீதி நடந்ததை ஒப்புக்கொண்டு பரிகாரம் வழங்கச் சொன்னது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. நிலம் திரும்பக் கிடைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கிராம நிர்வாகத்தில் பட்வாக்களுக்கு இடம் இல்லாதவரை, கிடைக்கிற நிலமும் அவர்கள் கையில் நிலைக்காது என்பதே என் கருத்து.

உகாண்டாவில் கிராமத்தை நடத்துவது எல்.சி.1 எனப்படும் பத்துப் பேர் குழு. தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க அதன் தலைவரின் கடிதம் வேண்டும். நிலம் கைமாறினால் சாட்சியாக அவருடைய முத்திரை விழுவது வழக்கம். நடைமுறையில் வரப்புத் தகராறு முதலில் போவதும் அந்தக் குழுவிடம்தான். பக்கத்து நிலக்காரரிடம் கூலிக்குப் போகும் ஒரு பட்வா, அதே நிலக்காரர் வரப்பைத் தள்ளிப்போட்டுவிட்டார் என்று முறையிட்டால், விசாரிக்க உட்காருவது பெரும்பாலும் எதிராளியின் உறவும் நட்பும்தான். சுற்றுலாப் பணத்திலும் இதுவே நிலைமை. இந்தப் பூங்காக்களில் கொரில்லாவைப் பார்க்க ஒரு வெளிநாட்டவர் இப்போது 800 டாலர் கட்டுகிறார். அதில் 10 டாலரும், பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதமும் சுற்றுவட்டார மக்களுக்கென்று உள்ளாட்சி வழியாக வருகின்றன. அந்தப் பணத்தில் என்ன செய்வது என்று உள்ளூர்க் கூட்டங்களில் பேசுகிறார்கள். ஆடு வாங்கித் தரலாம் என்று முடிவானால், நிலம் வைத்திருப்பவருக்கு அது வருமானம். மேய்க்க ஒரு முழ நிலம் இல்லாத குடும்பம் அந்த ஆட்டை எங்கே கட்டும்? இதைக் கேட்க அந்தக் கூட்டத்தில் ஒரு பட்வா இருந்தாக வேண்டும்; அதற்கு அவர்களுக்கென்று ஓர் இடம் ஒதுக்கவேண்டும்.

போட்டியிட யாருக்கும் தடையில்லையே என்பார்கள். சட்டப்படி உண்மைதான். ஆனால் 2018-ல், பதினேழு ஆண்டுகளுக்குப் பின் நடந்த கிராமத் தேர்தலில், வேட்பாளருக்குப் பின்னால் திறந்தவெளியில் வரிசையாக நின்றுதான் ஓட்டுப் போட்டார்கள். யார் யார் பின்னால் நிற்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். நாளைக் காலை வேலை கொடுக்கவேண்டியவர் பார்த்துக்கொண்டிருக்க, அவருக்கு எதிரான வரிசையில் ஒரு கூலித் தொழிலாளி எப்படிப் போய் நிற்பார்? சில ஆயிரம் பேருக்குத் தனி இடமா என்ற கேள்விக்கும் பதில் அந்நாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. உள்ளாட்சி மன்றங்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. இளைஞர், மாற்றுத்திறனாளி, முதியோருக்கும் இடம் உண்டு. வரலாற்றால் ஒதுக்கப்பட்டோருக்குச் சலுகை தரச் சாசனத்தின் 32-வது பிரிவு வழிசெய்கிறது. நாடு முழுக்க வேண்டாம், பட்வாக்கள் வாழும் கிசோரோ போன்ற மாவட்டங்களில் மட்டும் ஒதுக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதே என்பது இன்னொரு தடைச்சொல். கணக்கும் கடிதமும் எழுதக் குழுவில் செயலாளர் இருக்கிறார்; மற்றவர்களிடம் ஊர் எதிர்பார்ப்பது நியாய புத்தி.

அருகிலுள்ள நாடான புருண்டி 2005 சாசனத்திலேயே பட்வாக்களுக்குக் கீழவையிலும் மேலவையிலும் மும்மூன்று இடங்களைத் தந்தது. அது பெரிய காரியம், குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்த உறுப்பினர்களை அமர்த்துவது தேர்தல் ஆணையம். பட்வாக்கள் வாக்களித்து அனுப்புவதில்லை. தலைநகரில் அமரும் உறுப்பினர், மலைச்சரிவில் நடக்கும் வரப்புச் சண்டைக்கு வந்து நிற்கவும் முடியாது. ஆகவே உகாண்டாவில் ஒதுக்கும் இடம் கிராமத்திலிருந்தே தொடங்கவேண்டும், ஆளைப் பட்வாக்களே ரகசிய வாக்கில் தேர்ந்தெடுக்கவேண்டும். அன்றாடக் கூலியில் சாப்பிடும் ஒருவர் கூட்டத்துக்கு வந்தால், அன்று வீட்டில் அடுப்பு எரியாது. அந்த நாளின் கூலியை உள்ளாட்சி அமர்வுப்படியாகத் தரவேண்டும். அதற்கான பணத்தைக் கொரில்லாக் கட்டணத்தின் மக்கள் பங்கிலிருந்தே எடுக்கலாம்.

(தொடரும்)