உடையாத பிணைப்பு

2005, 2006 ஆண்டுகளில் அமெரிக்காவின் ஒஹாயோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் சுமார் 69,000 பேர் ரத்தம் கொடுத்தார்கள். பார்க்கர்ஸ்பர்க் ஊருக்கு அருகிலுள்ள டூபான்ட் ஆலையிலிருந்து வெளியேறிய பிஎஃப்ஓஏ என்ற ரசாயனம் அவர்களின் குடிநீரில் கலந்திருந்தது. மாடுகள் ஒவ்வொன்றாகச் செத்து விழுவதைக் கண்ட பண்ணைக்காரர் ஒருவர் வக்கீலைத் தேடிப் போனதில் தொடங்கிய விவகாரம் இது. ஊர் மக்கள் தொடர்ந்த வழக்கின் சமரசத்தில் கிடைத்த 7 கோடி டாலரில்தான் இந்த ரத்தப் பரிசோதனை நடந்தது. அந்த மாதிரிகள் இல்லையென்றால் இன்று நமக்குத் தெரிந்ததில் பாதிகூடத் தெரிந்திருக்காது. 2012இல் ஆய்வுக் குழு முடிவைச் சொன்னது: சிறுநீரகப் புற்று, விரைப் புற்று, தைராய்டு கோளாறு உள்ளிட்ட ஆறு நோய்களுக்கு இந்த ரசாயனத்தோடு தொடர்பு இருக்கக்கூடும். 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பிஎஃப்ஓஏவை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியது.

தவாக்களில் ஒட்டாப் பூச்சாகும் டெஃப்லானின் தயாரிப்பில் துணைப்பொருளாக இருந்தது பிஎஃப்ஓஏ. தவாவின் பூச்சு வேறு, இது வேறு. ஆபத்து பெரிதும் ஆலையிலிருந்து வெளியேறிய கழிவில் இருந்தது. இரண்டுக்கும் பொதுவானது கார்பன்-ஃபுளூரின் பிணைப்பு. கரிம வேதியியலில் இதைவிட வலுவான ஒற்றைப் பிணைப்பு கிடையாது. எண்ணெயும் நீரும் ஒட்டாததும், வெப்பத்தைத் தாங்குவதும் அதனால்தான். மண்ணிலுள்ள நுண்ணுயிரிகளாலும் நம் உடலாலும் பிஎஃப்ஓஏவை உடைக்க முடியாததும் அதனால்தான். ரத்தத்தில் சேர்ந்ததில் பாதி வெளியேறவே சில ஆண்டுகள் ஆகும்.

பிஎஃப்ஓஏவுக்கு மாற்றாக நிறுவனங்கள் முதலில் தேடியது வேறு பெயர் கொண்ட உறவினரை. அப்படி வந்த ஜென்எக்ஸ், 2017இல் வட கரோலினாவின் வில்மிங்டன் நகரக் குடிநீரில் இருப்பது தெரியவந்தது. ஆகவே 'பிஎஃப்ஓஏ இல்லை' என்ற லேபிளை நான் நற்சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. இத்தகைய ரசாயனங்களின் குடும்பத்தில் ஆயிரக்கணக்கானோர் இருக்க, அதில் ஒருவர் வெளியேறியதை மட்டுமே அது சொல்கிறது. 2025 இறுதிக்குள் இந்தக் குடும்பத்தையே தயாரிப்பிலிருந்து விலக்குவதாக 2022இல் 3எம் நிறுவனம் அறிவித்ததுதான் சரியான திசை. வழக்குகள் நெருக்கிய பிறகுதான் அது வந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

அதே 2022இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிக்டெல் குழு இந்த ரசாயனங்களை உடைக்க ஒரு வழி கண்டது. சோப்பு தயாரிக்க உதவும் காஸ்டிக் சோடாவை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் சேர்த்து, 120 டிகிரிக்குள் சூடாக்கினார்கள். வலுவான பிணைப்போடு நேரடியாக மோதாமல் மூலக்கூறின் தலைப்பகுதியைக் கழற்றினார்கள்; தலை போனதும் மீதிச் சங்கிலி படிப்படியாகச் சிதைந்தது. ஜென்எக்ஸும் இதில் உடைந்தது. ஆனால் இதே குடும்பத்தில் தலைப்பகுதியில் கந்தகம் கொண்ட பிஎஃப்ஓஎஸ் போன்றவை அசையவில்லை.

இன்னொரு சிக்கல், அளவு. குடிநீரில் பிஎஃப்ஓஏவுக்கு 2024இல் அமெரிக்கா வைத்த வரம்பு லட்சம் கோடியில் 4 பங்கு. அவ்வளவு சிதறிக் கிடப்பதை முதலில் கரி வடிகட்டிகளில் பிடித்துச் சேர்க்க வேண்டும், பிறகே உடைக்க முடியும். அந்த வடிகட்டிகளுக்கான செலவைத்தான் குடிநீர் வாரியங்கள் வழக்காடி வாங்குகின்றன: 3எம் மட்டும் 2023இல் 1,030 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.