கிளுவை வேலிக்குள் ஒரு மேய்ச்சல் காடு

கோடையில் காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கம் போகிறவர்களுக்குச் சாலையின் இருபுறமும் தரிசு கிடப்பதாகத்தான் தோன்றும். அது தரிசல்ல, கொறங்காடு. மழை குறைந்த மண்ணில் புல்லையே வெள்ளாமையாக வளர்க்கும் கொங்குக் குடியானவர்களின் மேய்ச்சல் நிலம். மாடுகள் இரவும் பகலும் உள்ளேயே கிடக்கும். கூடவே திரிந்து மேய்க்க ஆள் வேண்டியதில்லை.

அந்த ஆளின் வேலையைச் செய்வது கிளுவை வேலி. என் கணிப்பில் கொறங்காட்டின் உயிரே அதுதான். மழைக்காலத்தில் கிளுவைப் போத்துகளை, அதாவது வெட்டிய கிளைகளை, நெருக்கமாக நடுவார்கள். வேர்பிடித்துக் கிளைத்து, ஒன்றோடொன்று பின்னி, ஆடுகூட நுழைய முடியாத முள்சுவராகிவிடும். வறட்சியில் இலையை உதிர்த்து உயிரைக் காத்துக்கொள்ளும். மழை கண்டதும் தழைத்து, ஆட்டுக்குத் தீனியும் தரும்.

வேலி இருப்பதால் நிலத்தைத் துண்டு துண்டாகத் தடுத்து, ஒன்றில் மேயவிட்டு மற்றதை ஆறப்போட முடிகிறது. மாடு நாக்கால் சுழற்றி இழுத்து மேய்வதால் அதற்கு உயரமான புல் வேண்டும். செம்மறி உதட்டாலும் பல்லாலும் தரையொட்டிக் கடிக்கும். எனவே முதலில் மாடு, பிறகு ஆடு. மேய்ந்து முடித்தாலும் கொழுக்கட்டைப் புல்லின் தூர் மண்ணுக்குள் காத்திருந்து, அடுத்த மழையில் துளிர்த்துவிடும். புல் காய்ந்த மாதங்களில் வெள்வேல மரம் காய்களை உதிர்க்கிறது. புரதம் நிறைந்த தீனி அது. ஆடு தின்று புழுக்கையில் போட்ட விதையிலிருந்து புதுக் கன்றுகள் முளைக்கின்றன.

இந்தக் கொறங்காட்டுப் புல்லில் வளர்ந்ததுதான் காங்கேயம் மாடு. செந்நிறமாகப் பிறக்கும் கன்று, சில மாதங்களில் வெளுக்கத் தொடங்கும். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் இந்த இனத்தைத் தேர்ந்து பெருக்கியதற்காகப் பெயர் பெற்றவர். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு இன்றும் இந்த மாடுகள் வருகின்றன. ஆனால் உழவும் வண்டியும் கிணற்றில் நீர் இறைக்கும் கவலையும் எந்திரத்துக்குப் போனபின் காளைக்கான தேவை சுருங்கிவிட்டது; கொறங்காடுகளும் வீட்டுமனைகளாகின்றன. பல ஆண்டு வளர்ந்த வேலியைப் பொக்லைன் ஒரே நாளில் பிடுங்கிப் போடுவதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை.

வேலியைக் காப்பதற்குப் பெரிய செலவில்லை. அடியில் சந்து விழாதபடி அவ்வப்போது கழித்துவிட வேண்டும். மழைக்காலத்தில் கழித்த போத்துகளையே இடைவெளிகளில் ஊன்றிவிடலாம்.