எத்தனை ஜி.பி. போதும், தாத்தா?

ரயில்வேயில் 35 ஆண்டுகள் சிக்னல் பிரிவில் உழைத்து ஓய்வு பெற்றவன் நான். கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று சங்கத்து அன்பர்கள் கேட்கலாம். ஒரே தகுதிதான்: யோசிக்காமல் கார்டு வாங்கி ஏமாந்தவன்!

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் பேரன் பிறந்த நாளுக்கு கிராபிக்ஸ் கார்டு கேட்டான். அவனிடம் சொல்லாமல் காளிகாட்டில் மெட்ரோ ஏறி, சாந்தினி சௌக்கில் இறங்கி, ஒரு கடைக்குள் நுழைந்தேன். பெட்டியின் மேல் '4 ஜி.பி.' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. விலையும் மலிவு. மறு யோசனை இல்லாமல் வாங்கிவிட்டேன். பேரனும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டான். புதிய விளையாட்டு எதுவும் அதில் ஓடவில்லை என்பது பத்து நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. "உங்க மனசு கஷ்டப்படும்னுதான் சொல்லலை தாத்தா" என்றான்.

விளையாட்டுதானே, போகட்டும் என்று விட்டிருப்பேன். என் மனைவிதான் ஒன்றை எடுத்துச் சொன்னாள். பள்ளியில் அவனுக்கு ஆங்கிலம், தெருவில் வங்காளம். ஞாயிற்றுக்கிழமை மாலை திருச்சியில் இருக்கும் அத்தை பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடும்போதுதான் வாய் ஓயாமல் தமிழ் பேசுவான். அந்தப் பிள்ளைகள் புதிய விளையாட்டுக்கு மாறிவிட்டார்கள். இவனால் சேர முடியவில்லை. நான்கு வாரமாக அந்த அறையில் சத்தமே இல்லை.

அதன் பிறகுதான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து விஷயத்தைப் படித்தேன்.

கிராபிக்ஸ் கார்டில் முக்கியமானவை இரண்டு. ஒன்று படத்தை வரையும் சில்லு; இது எஞ்சின் மாதிரி. மற்றொன்று வரையத் தேவையானவற்றை வைத்துக்கொள்ளும் மெமரி. இது யார்டு மாதிரி. திரையில் தெரியும் படத்துக்கு அதிக இடம் வேண்டாம். 1920-க்கு 1080 புள்ளி கொண்ட திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் 8 எம்.பி.தான். இடத்தை அடைப்பது சுவர், தரை, முகம், இலை இவற்றின் மேல் ஒட்டும் 'டெக்ஸ்ச்சர்' படங்கள். 4096-க்கு 4096 அளவுள்ள ஒரு படத்துக்கு 64 எம்.பி. வேண்டும். கால் பங்காகச் சுருக்கினாலும் 16 எம்.பி. ஒரு காட்சியில் இப்படி நூற்றுக்கணக்கில் வரும்.

யார்டு நிரம்பினால் என்ன ஆகும்? மிச்சப் படங்கள் கம்ப்யூட்டரின் பொது மெமரியில் காத்திருந்து, மதர்போர்டு வழியாக வரவேண்டும். 2023-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டில் அதன் சொந்த மெமரி வினாடிக்கு 272 ஜி.பி. கொடுக்கும், மதர்போர்டு பாதையிலோ அதிகபட்சம் 16 ஜி.பி. அளவுதான். பதினேழில் ஒரு பங்கு! ஹவுரா வரை வேகமாக வந்த வண்டி பிளாட்பாரம் காலியில்லாமல் அவுட்டரில் நிற்பது நமக்குத் தெரியாததா? விளையாட்டும் அப்படித்தான் விட்டுவிட்டு ஓடும். சுவரும் முகமும் மங்கலாகத் தெரியும்.

1999-இல் வந்த ஜீஃபோர்ஸ் 256 கார்டில் 32 எம்.பி. இருந்தது. 2025 ஜனவரியில் வந்த ஆர்.டி.எக்ஸ். 5090-இல் 32 ஜி.பி.; ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. தேவையும் கூடவே வளர்ந்தது. 2015-இல் கம்ப்யூட்டருக்கு வந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5' குறைந்தபட்சம் 1 ஜி.பி. கேட்டது. 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ்' 8 ஜி.பி. கேட்கிறது. இதற்கு ஒரு காரணம் உண்டு. 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4-இல் மொத்த மெமரி 8 ஜி.பி.; 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் 16. விளையாட்டு தயாரிப்பவர்கள் அந்த அளவை மனதில் வைத்தே இப்போது படங்களைச் செய்கிறார்கள்.

ஆனால் மெமரி மட்டும் பெரிதாக இருந்தால் போதாது. நான் சறுக்கியது இங்கேதான். நான் வாங்கியது பழைய, பலமில்லாத சில்லு. சிறிய எஞ்சினுக்குப் பெரிய யார்டு கட்டி என்ன பயன்? எனவே முதலில் சில்லு எந்த ஆண்டினது, என்ன திறன் என்று பாருங்கள். அதன் பிறகு ஜி.பி. கணக்கு.

என் நோட்டில் எழுதி வைத்தது இது. பழைய விளையாட்டுகளுக்கும், 'கவுண்டர் ஸ்ட்ரைக் 2' போன்ற இணைய ஆட்டங்களுக்கும் 4 ஜி.பி. போதும். 1080 திரையில் புதிய விளையாட்டுக்கு 8 ஜி.பி. ஒப்பேறும், சிலவற்றில் டெக்ஸ்ச்சரை ஒரு படி குறைக்க வேண்டிவரும். நாலைந்து ஆண்டு தாங்க வேண்டுமென்றால் 12 ஜி.பி. நல்லது. 4கே திரைக்கு 16.

ஒன்று நினைவிருக்கட்டும். கம்ப்யூட்டரின் பொது மெமரியைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்; கிராபிக்ஸ் கார்டின் மெமரியைக் கூட்ட முடியாது. லேப்டாப்பிலும் அப்படியே. அதனால் பணம் கட்டும் முன்பே யோசிக்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே கார்டு இருந்தால், விளையாட்டு ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் பெர்பார்மன்ஸ் பக்கம் போய், ஜி.பி.யு.வின் 'டெடிகேட்டட் மெமரி' எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். முழுதும் நிரம்பியிருந்தால் முதலில் டெக்ஸ்ச்சரைக் குறைத்துப் பாருங்கள். செலவில்லாமலே பல சமயம் சரியாகிவிடும்.

இரண்டாம் முறை பேரனையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரரிடம் அவனே வங்காளத்தில் விசாரித்தான்; எங்கள் பவர் சப்ளை அந்தக் கார்டைத் தாங்குமா, பெட்டிக்குள் நீளம் பொருந்துமா என்றும் கேட்டான். எனக்குத் தோன்றாத கேள்விகள்! 12 ஜி.பி. கார்டு ஒன்றோடு திரும்பினோம். பழைய கார்டு என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இந்தக் கட்டுரையை டைப் செய்ய அது தாராளம்.

போன ஞாயிறு மாலை அவன் அறையிலிருந்து, "டேய், பின்னாடி பாருடா, வரான்!" என்று கூச்சல். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். பூஜா விடுமுறைக்குப் பிள்ளைகளுக்குக் கார்டு வாங்கித்தர நினைக்கும் அன்பர்களே, என்னைப் போல் தனியாகப் போகாதீர்கள். பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போங்கள்.