பெயர் சொல்லி ஒரு நன்றி

கடவுளுக்கு ஸ்தோத்திரம் சொல்வது சுலபம். பக்கத்து லயத்துக்காரருக்கு நன்றி சொல்வது கிறிஸ்தவ வாழ்வின் கடினமான பாடம்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனைக்குப் போகும் மலைச்சாலையில் இருக்கிறது ஏலப்பாறை. பெயரில் ஏலம், சுற்றிலும் தேயிலை. பீர்மேடு வட்டத்தின் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பாலோர், தென் தமிழகத்திலிருந்து மலையேறிய குடும்பங்களின் வாரிசுகள். அவர்களில் கிறிஸ்தவர்களும் கணிசமாக உண்டு.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் பலருக்கு வணக்கமே 'ஸ்தோத்திரம்'தான். சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை என்றும் ஒன்று உண்டு. சுகப்பிரசவம், பரீட்சையில் தேர்ச்சி, ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியது என்று காரணம் எழுதி உறையில் பணம் வைப்பார்கள். ஆயர் வாசித்து ஜெபிப்பார். நன்றி முழுவதும் ஆண்டவருக்கு. அதில் தவறில்லை. ஆனால் பிரசவ வலி எடுத்த இரவில் மலைப்பாதையில் ஜீப் ஓட்டியவர்? ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தவர்? தாய் திரும்பும்வரை மூத்த பிள்ளைக்குச் சோறு போட்ட பக்கத்து வீட்டு அக்கா? இவர்கள் பெயர் உறையில் ஏறுவது அபூர்வம்.

வேதாகமம் இந்த விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டவில்லை. ரோமாபுரிச் சபைக்குக் கடிதம் எழுதிய பவுல், ஆழமான இறையியலையெல்லாம் சொல்லி முடித்த பிறகு, 16ஆம் அதிகாரத்தில் ஒரு பெயர்ப்பட்டியல் போடுகிறார். 25 பேருக்கு மேல். கூடாரத் தொழில் செய்த பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா தம்பதி தனக்காக உயிரையே பணயம் வைத்தார்கள் என்கிறார். தான் மட்டுமல்ல, யூதரல்லாதோரின் சபைகள் எல்லாமே அவர்களுக்குக் கடன்பட்டவை என்கிறார். திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் ஆகிய பெண்களின் உழைப்பைக் குறிப்பிடுகிறார். ரூபு என்பவரின் தாயைத் தனக்கும் தாய் என்கிறார். பவுல் சொல்லச் சொல்ல எழுதிய தெர்தியுவும் இடையில் தன் பெயரில் ஒரு வாழ்த்தைச் சேர்த்துக்கொள்கிறார்! பலர் வேகமாகப் புரட்டிவிடும் பக்கம் இது. உண்மையில், மனிதர்களுக்காக நன்றி செலுத்துவது எப்படி என்பதற்கான செயல்முறை விளக்கம்: யார், என்ன செய்தார், என்ன விலை கொடுத்தார்.

தமிழுக்கும் இது புதிதல்ல. குறளின் 11ஆம் அதிகாரம் செய்ந்நன்றியறிதல். அங்கே 'நன்றி' என்பது பிறர் செய்த நன்மை. அதை 'அறிதல்' நம் கடமை. வாயால் சொல்வதற்கு முன்னால், செய்தது யார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

தோட்டத்தில் இந்த அறிதல் தலைகீழாகிவிடும் ஆபத்து எப்போதும் இருந்தது. நன்றி மேல்நோக்கி மட்டுமே போகும்: வேலை கொடுத்த துரைக்கு, கூட்டிவந்த கங்காணிக்கு. கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ அது வந்ததில்லை. சபையும் இதற்கு விலக்கல்ல என்பதை 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் சொன்னவர் ஒரு தமிழர். நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா, அப்போது 35 வயது இளைஞர். மிஷனரிகளின் தியாகத்துக்கு இந்தியச் சபை என்றும் நன்றியோடிருக்கும் என்று மனமாரச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அவையில் சிலருக்கு அது கசந்தது. நன்றி வாங்கிக்கொள்பவர் உயரத்திலேயே நின்றால் அது சலாமாகிவிடும் என்பதே அவர் பேச்சின் சாரம். இரண்டே ஆண்டுகளில், 1912இல், அவர் தோர்ணக்கல் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர்.

பீர்மேட்டில் இந்தக் கேள்வி 2000ஆம் ஆண்டிலிருந்து வயிற்றுப்பாட்டுக் கேள்வியாகவே மாறியது. தேயிலை விலை சரிய, தோட்டங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. சம்பள பாக்கி நின்றது, பணிக்கொடையும் நின்றது. 1972இல் வந்த பணிக்கொடைச் சட்டம், வேலை பார்த்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் கூலி என்று கணக்கு வைத்தது. 'கிராஜுவிட்டி' என்ற அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் நன்றியைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. அந்த நன்றிக்காகவே முதியவர்கள் பல்லாண்டு காத்திருந்தார்கள். தோட்டத் தொழிலாளர் நிலுவை விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. இடைப்பட்ட காலத்தில், கைவிடப்பட்ட தோட்டங்களில் தொழிலாளர்கள் செடிகளைத் தங்களுக்குள் பங்கு பிரித்துக் கொழுந்து கிள்ளி விற்றுப் பிழைத்தார்கள். துரை போன பிறகு மிஞ்சியது, பக்கத்தில் இருப்பவர் மட்டுமே.

ஆகவே இங்கே நன்றியைப் பற்றிப் பிரசங்கம் செய்வோர் ஒன்றை மறக்க முடியாது. நன்றிச் சொல் கூலிக்கு மாற்று ஆகாது. அறுவடை செய்தவனிடமிருந்து பிடித்து வைத்த கூலிக்கும் குரல் உண்டு, அது ஆண்டவரின் காதை எட்டும் என்று எச்சரிக்கிறது யாக்கோபின் நிருபம். 2015 செப்டம்பரில் மூணாறு சாலையில் உட்கார்ந்த தமிழ்த் தோட்டப் பெண்கள் எவரிடமும் பாராட்டுப் பத்திரம் கேட்கவில்லை. 20 சதவீத போனஸ் கேட்டார்கள்; போராடிப் பெற்றார்கள்.

கூலி கொடுக்க வேண்டியவர் கூலியைக் கொடுக்கட்டும். கூலியே இல்லாமல் செய்யப்பட்ட உதவிகளுக்கு என்ன செய்வது? அதற்குத்தான் பவுலின் வழி: நினைவில் வைத்திருப்பது, பெயர் சொல்வது, சபையறியச் சொல்வது, அவர்களுக்கு முடியாத நாளில் அவர்கள் வாசலில் போய் நிற்பது. கல்லூரி முடித்து திருப்பூருக்கோ கொச்சிக்கோ போய்விட்ட பிள்ளைகள், ஃபீஸ் கட்டக் கைமாற்றுக் கொடுத்த லயத்துக்காரருக்கு ஒரு போன் போடுவதிலும் இது தொடங்கலாம்.

ஸ்தோத்திரக் காணிக்கை உறையில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. அந்த இரவில் ஜீப் ஓட்டியவரின் பெயரை அங்கே எழுதலாம். ஆண்டவர் கோபித்துக்கொள்ளப்போவதில்லை.