கவுன்ட்டவுனை நிறுத்தத் தெரிந்தவர்கள்

கைகொடுப்பதாகச் சொன்னவர் கைவிரித்துவிட்டார், செய்த வேலையும் சரிந்துவிட்டது. இப்படியொரு வேளையில் பொறியாளர் குழுவை எப்படி நடத்துவது? டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், இஸ்ரோவின் கிரையோஜெனிக் இன்ஜின் கதையில் இதற்குப் பதில் இருக்கிறது.

மைனஸ் 253 டிகிரியில் இருக்கும் திரவ ஹைட்ரஜனை எரிக்கும் இன்ஜின் அது. அதன் தொழில்நுட்பத்துக்காக 1991இல் மாஸ்கோவுடன் ஒப்பந்தம் போட்டோம். அமெரிக்கா குறுக்கே நின்றதால் 1993இல் தொழில்நுட்பம் கைநழுவியது. செய்து முடித்த இன்ஜின்கள் மட்டுமே வந்தன. மறு ஆண்டே நாமே செய்வதென்று முடிவாயிற்று.

2010 ஏப்ரல் 15. நம் இன்ஜின் முதன்முதலாகப் பறந்தது, பற்றவும் செய்தது. ஆனால் ஹைட்ரஜனைத் தள்ளிவிடும் பூஸ்டர் பம்ப், நிமிடத்துக்கு 34,800 சுற்று வரை சுற்றிவிட்டு, 0.9 நொடியில் வேகம் குறைந்து அடுத்த 0.6 நொடியில் நின்றுபோனது. ராக்கெட் கடலில் விழுந்தது. ஆய்வுக் குழு இரண்டு காரணங்களைச் சொன்னது: ரோட்டர் இறுகிப்போயிருக்கலாம், அல்லது டர்பைன் உறை பிளந்திருக்கலாம். எது என்று அறுதியிட முடியவில்லை.

தலைமைக்குச் சோதனை இங்கேதான். சுலபமான காரணத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த தேதியை அறிவித்திருக்கலாம். இஸ்ரோவினர் அப்படிச் செய்யவில்லை. கடுங்குளிரில் பேரிங்கும் உறையும் சுருங்கி விரிவதைக் கணக்கில் எடுத்துப் பம்பையே திருத்தினார்கள். வெற்றிடத்தில் இன்ஜின் பற்றுகிறதா என்பதை 2013இல் நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில், தரையிலேயே சோதித்துப் பார்த்தார்கள்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 19இல் ராக்கெட் தயாராக நின்றது. புறப்பட 74 நிமிடம் இருக்கையில் இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிவு தெரிந்தது. நாடே பார்த்துக்கொண்டிருக்க, கவுன்ட்டவுனை நிறுத்தினார்கள். ஒட்டுப்போட்டு ஒப்பேற்றாமல் அந்தக் கட்டத்தையே மாற்றினார்கள். 2014 ஜனவரி 5இல் ஜிசாட்-14 செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தது. அப்போது திட்ட இயக்குநர், நாகர்கோவில் பக்கத்துக்காரரான கே.சிவன்.

மென்பொருள் குழுவோ தொழிற்சாலைக் குழுவோ, இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒன்று உடைந்தால், யார் செய்தது என்று கேட்பதற்கு முன் எப்படி உடைந்தது என்று கேளுங்கள். சந்தேகம் இரண்டு இருந்தால் இரண்டையும் சரிசெய்ய நேரம் வாங்கிக்கொடுங்கள். மேலிடத்து நெருக்கடியைத் தாங்கிக்கொள்ளத்தான் தலைவர் இருக்கிறார். முக்கியமாக, குழுவில் ஆக இளையவர் "நிறுத்துங்கள்" என்றால் நிறுத்துங்கள். அந்தத் தைரியத்தை அவருக்குக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.