வெயிலும் உடல்நலமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் ஆலை நகரங்களில் குழந்தைகள் பலருக்குக் கால் எலும்புகள் வில்லைப்போல் வளைந்தன. ரிக்கெட்ஸ் என்பது அந்நோயின் பெயர். நகரத்துக் குழந்தைகளை வருத்திய இந்நோய் நாட்டுப்புறத்தில் அருகியே காணப்படுவதைப் போலந்து மருத்துவர் சினியாதெட்ஸ்கி 1822-லேயே கண்டு, வெயிலே இதற்கு மருந்து என்றார். 1919-இல் பெர்லின் மருத்துவர் ஹுல்ட்ஷின்ஸ்கி பாதரச விளக்கின் ஒளியால் இந்நோயைக் குணப்படுத்திக் காட்டினார். ஒரு கையில் மட்டும் ஒளியைப் பாய்ச்ச, மறு கையின் எலும்பும் தேறிற்று! தோலில் பிறந்த ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் கலந்து செல்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அப்பொருளே வைட்டமின் டி. உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்பதற்கு அது இன்றியமையாதது. அதனை ஆக்குபவை, கதிரவனின் ஊதா கடந்த கதிர்களில் 280 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ளவை. சன்னற் கண்ணாடி இவற்றைத் தடுத்துவிடும். ஆகவே, மூடிய சன்னலருகே அமர்ந்து படிப்பவருக்கு வெளிச்சம் கிடைக்கும், வைட்டமின் கிடைக்காது.

இடர்ப்பாடு யாதெனில், நன்மை செய்யும் அதே கதிர்களே தோலின் உயிரணுக்களிலுள்ள மரபுப் பொருளையும் சிதைக்கின்றன. தோல் புற்றுநோயும் கண்புரையும் மிகை வெயிலால் வரக்கூடும். சூரியக் கதிர்வீச்சு மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1992-இல் வகைப்படுத்தியது. வெண்ணிறத் தோலினர் குடியேறிய ஆஸ்திரேலியாவில் இந்நோய் மிகுதி. சட்டை அணிக, களிம்பு பூசுக, தொப்பி தரிக்க என்று 1981 முதல் அங்கே மக்களுக்குக் கற்பித்து வருகின்றனர். நம் கருநிறத்திலுள்ள மெலனின் ஓரளவு காப்பளிக்கிறது. ஆனால், அதே காரணத்தால் நமக்கு வைட்டமின் உண்டாவதற்குக் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது. எல்லாருக்கும் பொருந்தும் நிமிடக் கணக்கு ஒன்றைச் சொல்லிவிட முடியாது.

விடியற்கால இளவெயிலே வைட்டமின் தருவது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. இளவெயில் இதமானதுதான்; உலாவுவதற்கும் உகந்தது. எனினும், அவ்வேளையில் கதிர்கள் சாய்ந்து, காற்றுமண்டலத்தில் நெடுந்தொலைவு கடந்து வருவதால், நமக்கு வேண்டிய பகுதி பெரிதும் வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. இதனைக் கணிக்க ஒரு கோல் போதும். முற்றத்தில் நட்டுப் பாருங்கள். நிழல் கோலைவிட நீண்டிருந்தால் அக்கதிர்கள் மெலிவு, குறுகியிருந்தால் வலிவு. நிழல் குறுகிய வேளையில் முகமும் கைகால்களும் படச் சிறிது நேரம் நின்று, தோல் எரியும் முன்பே நிழலுக்குத் திரும்புதல் தகும். நெடுநேரம் காய்வதால் வைட்டமின் பெருகிக்கொண்டே போவதில்லை. ஓர் அளவுக்குமேல் தோலே அதனைப் பயனற்ற பொருள்களாக மாற்றிவிடுகிறது. கேடு மட்டுமே கூடும்.

நாள் முழுதும் வயலில் உழைப்பவருக்கு இந்த அறிவுரை வேண்டியதில்லை. அவருக்கு வேண்டுவன தலைப்பாகையும் தண்ணீரும் மரநிழலும். எனக்குக் கவலை மாணவரைப் பற்றியே. தேர்வைக் காரணங்காட்டி விளையாட்டுப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கொடுத்துவிடும் பள்ளிகள் உண்டு. நானும் கணிதம் கற்பித்தவனே. ஆயினும், அந்த மாற்றத்தை நான் ஒப்புவதில்லை. எலும்பு உறுதிபெறும் பருவம் உங்கள் பருவமன்றோ? உடல்வலியும் சோர்வும் நீடித்தால் இரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் குறிக்கும் அளவிலேயே மாத்திரை உட்கொள்ளுங்கள். வெயில் மிகுவதால் வைட்டமின் நஞ்சாவதில்லை. மாத்திரை மிகுந்தால் நஞ்சாகும்.